ஹெல்மெட் போட்டிருந்தும் போன உயிர்! சாப்ட்பாலில் அடுத்து ஆடப்போகும் பிள்ளை எங்கே நிற்கணும்?

பேருதான் சாப்ட்பால். பந்து சாப்ட் கிடையாது. பெரிய பிள்ளைகள் ஆடும் பந்தின் சுற்றளவு 12 அங்குலம். எடை சுமார் 177 முதல் 198 கிராம் வரை. ஆண்கள் ஆடும் கிரிக்கெட் பந்தே 163 கிராமை தாண்டாது. அதை விட பெரிசு, அதை விட கனம்.

தேசிய அளவிலான பள்ளி விளையாட்டு போட்டிகளில் சாப்ட்பாலும் உண்டு. நம்ம பிள்ளைகளும் ஆடுகிறார்கள். "என் பொண்ணு ஸ்கூல் டீம்ல சேர்ந்துட்டா" என்று சந்தோஷப்படும் பெற்றோர் ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். அடிக்கிற பிள்ளையை எல்லோரும் பார்க்கிறோம். அடுத்து அடிக்க காத்திருக்கும் பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை.

கிரிக்கெட்டில் அடுத்த ஆள் எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். சாப்ட்பாலில் அப்படி இல்லை. மைதானத்துக்கு உள்ளேயே, கையில் பேட்டோடு நின்று உடம்பை சூடாக்குவார். இவருக்கு 'ஆன்-டெக் பேட்டர்' என்று பெயர். அடித்த பந்து இவர் மேல் பாயலாம். இவர் சுழற்றும் பேட் பக்கத்தில் வருபவர் மேல் படலாம். ஆபத்து ரெண்டு பக்கமும்.

9 வயது சிறுவன்

சாப்ட்பாலின் அண்ணன் ஆட்டமான பேஸ்பாலில் 2015 ஆகஸ்ட் 1-ந்தேதி ஒரு சோகம் நடந்தது. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலம் விச்சிட்டா நகரில் பெரிய போட்டி. பேட் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்த 9 வயது சிறுவன், பயிற்சிக்காக பேட்டை சுழற்றிய வீரரின் அருகே போய்விட்டான். பேட் தலையில் பட்டது. மறுநாள் உயிர் போனது.

அவன் ஹெல்மெட் போட்டிருந்தான் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஹெல்மெட் கட்டாயம் வேணும். ஆனா ஹெல்மெட் மட்டும் போதாது. இடைவெளியும் வேணும்.

வட்டம் எதற்கு?

இதற்காகத்தான் 5 அடி குறுக்களவில் ஒரு வட்டம் போடுகிறார்கள். இரண்டு அணிக்கும் தனித்தனி வட்டம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதிப்படி, இடம் இருந்தால் இந்த வட்டம் ஹோம் பிளேட்டில் இருந்து பக்கவாட்டில் 30 அடி தள்ளி இருக்க வேண்டும். காத்திருக்கும் பிள்ளையும் ஹெல்மெட் போட வேண்டும்.

எந்த வட்டத்தில் நிற்பது? இங்கேதான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். அடிப்பவரின் முகமும் நெஞ்சும் பார்க்கும் பக்கம் நிற்கக் கூடாது. முதுகுப் பக்கம்தான் நிற்க வேண்டும். வலது கையில் ஆடும் பிள்ளையின் முதுகு மூணாவது பேஸ் பக்கம் இருக்கும். பேட்டை கொஞ்சம் லேட்டாக வீசினால் பந்து முதல் பேஸ் பக்கம் சீறிக்கொண்டு போகும். அந்தப் பக்கம் நின்றால் ஒதுங்க நேரம் இருக்காது. இடது கை ஆட்டக்காரருக்கு அப்படியே உல்டா. தன் அணி வட்டம் நெஞ்சுப் பக்கம் அமைந்தால், எதிர் அணியின் வட்டத்துக்கு போய் நிற்கலாம். விதியே அனுமதிக்கிறது.

வட்டத்தை விட்டு கண்டபடி வெளியே வரக்கூடாது. தன் முறை வந்தால் வரலாம். மூணாவது பேஸில் இருந்து ஓடி வருபவருக்கு சைகை காட்ட வரலாம். பந்து பிடிக்க வரும் எதிர் அணி ஆளுக்கு வழிவிட வரலாம். வழி மறித்தால் தண்டனை இவருக்கு இல்லை. உயரப் பறந்த பந்தை பிடிக்கவிடாமல் மறித்தால் அடித்தவர் அவுட். ஓடுபவரை அவுட் ஆக்குவதை தடுத்தால், ஹோம் பிளேட்டுக்கு மிக அருகில் இருக்கும் ஓட்டக்காரர் அவுட்.

சின்னப் பிள்ளைகளுக்கு வட்டமே இல்லை

அமெரிக்காவின் 'லிட்டில் லீக்' பேஸ்பால் அமைப்பு ஒரு படி மேலே போய்விட்டது. 12 வயது வரையிலான பிரிவுகளில் ஆன்-டெக் நிற்பதற்கே தடை. தன் முறை வரும் வரை பேட்டை கையில் தொடக்கூடாது. வலைக்குப் பின்னால் இருந்தாலும் தொடக்கூடாது. பிள்ளைகள் விளையாட்டுத்தனமாக சுழற்றுவார்கள் என்பதுதான் காரணம்.

பெற்றோர் பார்க்க வேண்டியது

பிள்ளை ஆடும் மைதானத்துக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். ஹோம் பிளேட்டில் இருந்து நடந்தே அளக்கலாம். பெரியவர் எட்டு வைத்தால் 12 எட்டு, ஏறக்குறைய 30 அடி. சுண்ணாம்புத் தூளில் வட்டம் போட்டிருக்கிறதா? நிற்கும் பிள்ளை தலையில் ஹெல்மெட் இருக்கிறதா? பேட்டோடு ஒரே நேரத்தில் மூணு, நாலு பேர் நிற்கிறார்களா? கையும் பேட்டும் நீண்டால் கிட்டத்தட்ட 5 அடி. அந்த சுற்றுக்குள் தண்ணீர் பாட்டிலோடு ஒரு வாண்டு நுழைந்தாலும் ஆபத்துதான்.

மைதானம் சின்னதா? 30 அடி கிடைக்கவில்லையா? அப்படியானால் அடுத்த பிள்ளை வலைக்குப் பின்னால் இருக்கட்டும். இதை பி.டி. சாரிடம் சொல்ல கூச்சப்பட வேண்டாம். ஒரு கை சுண்ணாம்பு, ஒரு ஹெல்மெட், கொஞ்சம் கண்டிப்பு. பிள்ளை முழுசா வீட்டுக்கு வர இது வேணும்.