ஹீமோபிலியா இருந்தால் ஹெபடைட்டிஸ் பி ஊசி போடலாமா?

‘பையனுக்கு ஹீமோபிலியா. ஊசி குத்தினாலே ரத்தம் கட்டிக்கும். தடுப்பூசியெல்லாம் எதுக்கு?’ இப்படிச் சொல்லித் தள்ளிப்போடும் குடும்பங்கள் உண்டு. பயம் நியாயமானது, முடிவுதான் தவறு. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி யாருக்கு ரொம்ப அவசியமோ, அந்த வரிசையில் முன்னால் நிற்பவர்கள் இவர்கள்தான்.

கல்லீரலைத் தாக்கும் இந்த வைரஸ் ரத்தம் வழியாகப் பரவும். ஹீமோபிலியா உள்ளவர்களோ பிறர் தந்த ரத்தத்தையும் அதிலிருந்து எடுத்த மருந்துகளையும் நம்பி வாழ்பவர்கள். வைரஸ் கண்டுபிடிக்கப்பட்ட கதையிலேயே ஒரு ஹீமோபிலியா நோயாளி இருக்கிறார். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட அவருடைய சீரம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்துடன் வினைபுரிவதை 1960-களில் அமெரிக்க விஞ்ஞானி பரூக் ப்ளம்பெர்க்கின் குழு கவனித்தது. அப்போது சிக்கிய புரதம் இந்த வைரஸின் மேலுறை என்பது பிறகு தெரிந்தது. 1976-ல் ப்ளம்பெர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28-தான் இன்று உலக ஹெபடைட்டிஸ் தினம்.

இப்போதைய ஃபேக்டர் மருந்துகளில் வைரஸை அழிக்கும் முறைகள் வந்துவிட்டன, தானமாக வரும் ரத்தமும் பரிசோதிக்கப்படுகிறது. ஆனாலும் அவசரத்துக்கு பிளாஸ்மா ஏற்ற வேண்டி வரலாம். தொற்றிய புதிதில் சில வாரங்கள் வைரஸ் பரிசோதனையில் சிக்காமலும் போகலாம். தடுப்பூசி அதற்குத்தான்.

எப்படிப் போடுவது?

வழக்கமாக இது தோள்பட்டைக்குக் கீழே தசையில் போடும் ஊசி. ஹீமோபிலியாவில் தசைக்குள் ரத்தம் கசிந்து வீங்குவதுதான் ஆபத்து. அதனால், தோலுக்கு அடியில் போடுவதே நல்லது என்கிறது உலக ஹீமோபிலியா கூட்டமைப்பு. தசையில்தான் போட வேண்டும் என்றால், ஃபேக்டர் ஏற்றிய கையோடு போட்டுக்கொள்ளலாம். ஊசி 25 முதல் 27 கேஜ் வரையிலான மெல்லிய ரகமாக இருக்கட்டும். குத்துவதற்கு முன் 5 நிமிடம் ஐஸ் ஒத்தடம். குத்திய பிறகு குறைந்தது 10 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பஞ்சை வைத்துத் தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம், இங்கே அது கூடவே கூடாது. இடுப்பில் போடச் சொல்லாதீர்கள், அங்கே போட்டால் மருந்து சரியாக வேலை செய்யாது. வலித்தால் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் பக்கமே போக வேண்டாம். வீக்கம் பெரிதானால் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

தட்டணுக்கள் குறைந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் விஷயத்திலும் மெல்லிய ஊசி, நீண்ட அழுத்தம் என்பதுதான் அணுகுமுறை. ஊசிக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களின் பிரச்சினையே வேறு. டயாலிசிஸ் செய்பவர்கள், எச்ஐவி உள்ளவர்கள், கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் என இது பெரிய கூட்டம். இந்தத் தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, எனவே ஊசியால் நோய் வந்துவிடும் என்ற பயம் வேண்டாம். சிக்கல் என்னவென்றால், ஊசி போட்டாலும் உடம்பு கண்டுகொள்ளாமல் இருந்துவிடும். அதனால்தான் டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் பொதுவாக 20-க்குப் பதில் 40 மைக்ரோகிராம் கொடுக்கிறார்கள். அதையும் 0, 1, 2, 6 மாதங்கள் என 4 முறை போடுவது வழக்கம்.

போட்டாச்சு என்று ஃபைலில் டிக் அடித்தால் வேலை முடிந்துவிடாது. கடைசி டோஸ் முடிந்து 1 முதல் 2 மாதத்துக்குள் ‘ஆன்ட்டி எச்பிஎஸ்’ என்ற ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. குறைந்தால் மறுபடியும் போட வேண்டும். டயாலிசிஸில் இருப்பவர்கள் இதை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். தோலுக்கு அடியில் போட்டுக்கொண்ட ஹீமோபிலியாக்காரர்களும் இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குவது நல்லது, அந்த முறையில் பலன் சற்றுக் குறையலாம்.

கீமோ தொடங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, வைரஸ் ஏற்கெனவே உள்ளே ஒளிந்திருக்கிறதா என்பதை. எதிர்ப்பாற்றல் சரியும்போது அது விழித்துக்கொள்ளும். அதற்குத் தடுப்பூசி உதவாது, வைரஸ் தடுப்பு மாத்திரைதான் தேவைப்படும்.

இனி வீட்டில் இருப்பவர்கள். இந்தியாவில் அரசு இந்த ஊசியை நாடு முழுவதும் குழந்தைகளுக்கு விரிவாக்கியது 2011-ல்தான். இப்போது வேலைக்குப் போகும் வயதில் இருப்பவர்களில் பலருக்கு இது போடப்பட்டிருக்காது. தம்பிக்கு வீட்டிலேயே ஃபேக்டர் ஏற்றும் அண்ணனோ அக்காவோ நீங்கள் என்றால், பயன்படுத்திய ஊசியைக் கையாள்பவர் நீங்கள்தான். உங்களுக்கு 0, 1, 6 மாதங்களில் 3 டோஸ்.