ஸ்போர்ட்ஸ் செடானை ஜவ்வாது மலைக்குத் தானம் கொடுக்கலாமா?

இந்த எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்டிலிருந்து ஆரம்பிக்குது. சென்னையில இருக்கிற நேயர் ஒருத்தர் அனுப்பியிருந்தார். அவர்கிட்ட பத்து வருஷம் ஓடின ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் செடான் ஒண்ணு இருக்கு. புது வண்டி வாங்கப் போறார். "எக்ஸ்சேஞ்ச்ல அடிமாட்டு விலைக்குக் கேக்கறாங்க. அதுக்குப் பேசாம ஜவ்வாது மலையில வேலை செய்யற ஒரு சின்ன டிரஸ்ட்டுக்கே கொடுத்துடலாம்னு நினைக்கிறேன். ராத்திரி அவசரத்துக்கு யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக உதவும் இல்லையா?" இதுதான் அவர் கேள்வி.

நல்ல மனசு. ஆனா என் பதில் இதுதான்: வண்டியைக் கொடுக்காதீங்க. வித்துட்டுப் பணத்தைக் கொடுங்க. ஏன்னு சொல்றேன்.

முதல்ல, அந்த மலை. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாகவோ, போளூரிலிருந்தோ ஜமுனாமரத்தூருக்கு பஸ் ரோட்டிலேயே போயிடலாம். காவலூர்ல இருக்கிற வைணு பாப்பு வானாய்வகத்தைப் பார்க்க நானும் அப்படித்தான் என் சின்ன காரில் போனேன். பிரச்சினை, மெயின் ரோட்டை விட்டு இறங்கின பிறகுதான். ஒரு மண் பாதையில திரும்பினேன். நூறு மீட்டர் போறதுக்குள்ள வண்டியோட அடிப்பாகம் கல்லுல உரசுற சத்தம். ரிவர்ஸ் எடுத்து வந்துட்டேன். என் கார் ஒண்ணும் ஸ்போர்ட்ஸ் செடான் இல்லை. ஸ்போர்ட்ஸ் செடான்னா உடம்பு இன்னும் தாழ்வு, டயரும் மெலிசு.

எனக்கு அது ஒரு சின்ன அசௌகரியம். அங்கே வாழறவங்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. 2023 மே மாசம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம் இருக்கிற அல்லேரி மலையில, பாம்பு கடிச்ச ஒன்றரை வயசுக் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே இறந்துபோச்சு. உடலைத் திரும்பக் கொண்டுவந்த ஆம்புலன்ஸால ஊர் வரைக்கும் போக முடியலை, ரோடு இல்லை. மீதி தூரத்தை அந்த அம்மா குழந்தையைச் சுமந்துக்கிட்டே நடந்தாங்க. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியிலதான் போட முடியும். ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. அந்தப் பாதையில தேவைப்படறது ஜீப், அதை ஓட்டத் தெரிஞ்ச டிரைவர், டேங்க்ல டீசல். லெதர் சீட் இல்லை.

தானமாக் கொடுத்தா டிரஸ்ட்டுக்கு என்ன ஆகும்?

வண்டியை வாங்கின அன்னைக்கே செலவு ஆரம்பிச்சிடும். வருஷா வருஷம் இன்ஷூரன்ஸ். பார்ட்ஸ் வேணும்னா சென்னையோ பெங்களூரோதான். ஒரு சர்வீஸ் பில்லே ஒரு ஊழியரோட மாசச் சம்பளத்தை விழுங்கிடும். கொடுக்கறவர் முகத்துக்கு நேரா "வேண்டாம்"னு சொல்ல சின்ன டிரஸ்ட்டுகளுக்குத் தயக்கம். கடைசியில வண்டி ஷெட்ல தூசி பிடிச்சு நிக்கும்.

"அவங்களே வித்துக்கட்டுமே"ன்னு கேட்கலாம். அப்போ ஆர்சி முதல்ல டிரஸ்ட் பேருக்கு மாறணும், அப்புறம் வாங்கறவர் பேருக்கு. பழைய கார் மார்க்கெட்ல ஓனர் எண்ணிக்கை ஒண்ணு கூடினாலே விலை இறங்கும். நீங்க நேரா வித்தா கிடைக்கிற தொகை அவங்களுக்குக் கிடைக்காது.

உங்களுக்கு என்ன ஆகும்?

சாவியைக் கொடுத்துட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. ஃபார்ம் 29, ஃபார்ம் 30 கொடுத்து ஆர்சி-ல பேர் மாறணும். மாறாத வரைக்கும் விபத்து நடந்தா, சட்டத்தின் பார்வையில ஓனர் நீங்கதான். 2018-ல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாச் சொல்லியிருக்கு. கார் லோன் இருந்திருந்தா, பேங்க்ல என்ஓசி வாங்கி, ஃபார்ம் 35 கொடுத்து அந்தப் பதிவையும் நீக்கணும்.

அடுத்தது வரிவிலக்கு. காரைத் தானம் கொடுத்தா வரி குறையும்ங்கறது அமெரிக்காவிலிருந்து வந்த எண்ணம். அங்கேயே பழைய வண்டிகளுக்கு ஏகப்பட்ட விலை போட்டுக் கழிச்சுக்கிட்டிருந்தாங்க. 2004-ல் சட்டத்தை இறுக்கினாங்க. அதுக்கப்புறம் பொதுவா, அந்த அமைப்பு வண்டியை எவ்வளவுக்கு வித்ததோ அவ்வளவுதான் கணக்கு. நம்ம ஊர்ல நன்கொடைக்கான வரிவிலக்கு பணமாக் கொடுத்தாத்தான், பொருளுக்குக் கிடையாது. ரொக்கம்னா 2,000 ரூபாய் வரைக்கும்தான், அதுக்கு மேலன்னா செக் அல்லது ஆன்லைன். இன்னொண்ணு, நீங்க புதிய வரி முறையில இருந்தா இந்த விலக்கே கிடையாது.

இதை ஏற்கெனவே செஞ்சு காட்டினவங்க

1964 டிசம்பர்ல போப் ஆறாம் பால் மும்பைக்கு வந்தார். அவர் இங்கே பயன்படுத்தின வெள்ளை லிங்கன் காரை, கிளம்பும்போது அன்னை தெரசாவுக்குக் கொடுத்துட்டுப் போனார். தெரசா அதை வச்சுக்கலை. லாட்டரிச் சீட்டு மாதிரி ராஃபிள் நடத்தி, வந்த பணத்தைத் தொழுநோயாளிகளுக்கான சாந்தி நகர் குடியிருப்புக்குப் பயன்படுத்தினார். 2017-ல் போப் பிரான்சிஸுக்கு லம்போர்கினி பரிசா வந்தது. அதுல கையெழுத்துப் போட்டு ஏலத்துக்கு அனுப்பினார். அடுத்த வருஷம் 7 லட்சம் யூரோவுக்கு மேல போச்சு. ரெண்டு இடத்துலயும் கார் யார் வீட்டு வாசலிலும் நிக்கலை, பணமா மாறிப் போய்ச் சேர்ந்தது.

நம்ம காருக்குப் போப் கையெழுத்து கிடையாது. அதனால வழி இன்னும் எளிசு. சர்வீஸ் ரெகார்டை எடுத்துக்கங்க, மூணு இடத்துல விலை கேளுங்க, நல்ல விலைக்கு வித்து ஆர்சி மாறினதை உறுதி பண்ணுங்க. டிரஸ்ட்டோட வரிவிலக்குப் பதிவைப் பாருங்க. பேங்க் வழியா அனுப்பிட்டு, ரசீதும் நன்கொடைச் சான்றும் வாங்கிக்கங்க. அதுக்கும் முன்னாடி, "உங்களுக்கு என்ன தேவை?"ன்னு ஒரு போன் பண்ணிக் கேளுங்க.

நம்ம நேயரையும் அப்படித்தான் கேட்கச் சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி ஒரு வாய்ஸ் நோட். டிரஸ்ட்ல இருந்த தம்பி கொஞ்ச நேரம் தயங்கிட்டு இப்படிச் சொன்னாராம்: "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. ஜீப் எங்ககிட்ட இருக்கு. ராத்திரி டிரைவருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் முடியலை."

கார் இப்போ விற்பனைக்குப் போயிருக்கு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.