பல்லின் கறையும் வீட்டின் அறிவும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்பது முன்னோர் கண்ட உண்மை. பல்லைப் பற்றிய முதல் பாடத்தைக் குழந்தை பள்ளியில் கற்பதில்லை. தாயிடமும் பாட்டியிடமுமே கற்கிறது. அப்பாடம் தவறாக இருந்தால் அத்தவறும் பரம்பரைச் சொத்தாகிவிடுகிறது. இதற்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களே சான்று.

இம்மாவட்டச் சிற்றூர்களில் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ளும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் உண்டு. முன்பற்களில் பழுப்புக் கோடுகள்! "ஒழுங்காகப் பல் விளக்கினால் இப்படி ஆகுமா?" என்று வீட்டார் கடிந்துகொள்வர், வகுப்புத் தோழர்கள் பட்டப்பெயர் சூட்டுவர். பிள்ளை செங்கற்பொடியும் அடுப்புக்கரியும் கொண்டு தேய்க்கும். கறை போகாது, எனாமல்தான் தேயும்.

ஏனெனில் அக்கறை அழுக்கன்று. அப்பகுதிப் பாறைகளிலுள்ள புளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை. இவ்வளவை மீறிய நீரைக் குழந்தை தொடர்ந்து பருகினால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் எனாமல் பழுதுபடுகிறது. முளைத்து வரும் பல் நாளடைவில் பழுப்பேறுகிறது. பிள்ளையின் சோம்பல் இதற்குக் காரணமன்று.

"நீரைக் காய்ச்சினால் போதுமே" என்பர் சிலர். கிருமி சாகும், புளோரைடு ஆவியாகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும்.

அப்படியாயின் பற்பசையில் புளோரைடு எதற்கு? சிறிதளவு பல்லின் மேற்பரப்பில் பட்டால் அது சொத்தையைத் தடுக்கிறது. விளக்கியபின் துப்பிவிட வேண்டும்; சிறுகுழந்தைகள் விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சன்றோ?

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயல்படத் தொடங்கி, காவிரி நீர் இம்மாவட்டங்களுக்கு வந்தது. ஆனால் குழாய் வந்தால் மட்டும் போதாது. "பழகிய ஆழ்குழாய்க் கிணற்று நீர்தான் ருசி" என்று குடத்தை அங்கேயே எடுத்துச் செல்லும் வீட்டில் பிள்ளையின் பல் எவ்வாறு தப்பும்?

பதின்மூன்று வயதில் படிந்த கறை தேய்த்தால் போகாது. பல் மருத்துவர்தான் அதைக் குறைக்கவோ மறைக்கவோ இயலும். ஆனால் அவ்வீட்டிலுள்ள இரண்டு வயதுத் தங்கையின் நிலைப்பற்கள் இன்னும் ஈறுக்குள்தான் உருவாகின்றன. முன்பற்களின் எனாமல் உருவாகும் அந்தச் சில ஆண்டுகளில் அவளுக்கு நல்ல நீர் கிடைத்தால் அவள் வாயை மூடாமல் சிரிப்பாள். காரணம் அறிந்த அண்ணன் தன் வெட்கத்தையும் விடுவான்; தங்கைக்கென ஒரு குடம் ஆற்று நீரையும் எடுத்து வைப்பான்.

இதனை அவனுக்கு யார் சொல்வது? நம்மில் பலர் தம் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். பெரியோரிடம் கற்ற நாம், ஆய்வுக்கூடத்தில் கற்றதை அவர்களிடம் பணிவோடு எடுத்துரைப்போம். பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் குடத்து நீரைச் சோதிக்கச் சொல்வோம். நாம் கற்ற வேதியியலின் பயன் அதுவேயாகும்.