உங்களுக்குத் தெரியுமா? தானே வாதாடித் தோற்றவரின் மேல்முறையீடு

அமெரிக்காவில் குற்றம் சாட்டப்பட்டவர் வக்கீல் வைக்காமல் தானே வாதாடலாம். 1975-இல் ஃபரெட்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த உரிமை இது. ஆனால் தோற்றபின், ‘நான் சரியாக வாதாடவில்லை’ என்று காரணம் சொல்லி மேல்முறையீட்டில் தப்ப முடியாது.

போதைப்பொருள் வழக்கில் தானே வாதாடுவது மிகக் கொடிய ஆபத்து. கடத்தலுக்குத் துணையாகத் துப்பாக்கி வைத்திருந்ததாக நிரூபணமானால், கூட்டாட்சிச் சட்டப்படி அதற்கு மட்டும் குறைந்தது 5 ஆண்டு சிறை. கடத்தலுக்கான தண்டனையோடு ஒரே காலத்தில் அதைக் கழிக்கவும் முடியாது.

கூட்டாட்சிக் குற்ற வழக்கில் மேல்முறையீட்டு அறிவிப்புக்குக் கெடு 14 நாள். கைதி அதற்குள் சிறைத் தபாலில் சேர்த்தாலே போதும். மேல்முறையீட்டிலும் தானே வாதாடுவது அரசியலமைப்பு தரும் உரிமையல்ல என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வசதியற்றவருக்கு முதல் மேல்முறையீட்டில் அரசுச் செலவில் வக்கீல் உண்டு. அதைக் கேட்டுப் பெறுவதே புத்திசாலித்தனம்.