அலுவலும் உடல்நலமும்

இலண்டன் மாநகரில் வைட்ஹால் என்றொரு வீதி உண்டு. பிரிட்டிஷ் அரசின் அமைச்சகங்கள் பல அவ்வீதியில்தான் இருக்கின்றன. அங்கே நிலக்கரித் தூசி இல்லை. கொதிக்கும் உலை இல்லை. விரலைக் கவ்வும் இயந்திரமும் இல்லை. ஊழியர்க்கு மாத ஊதியம் தவறுவதில்லை. முதுமையில் ஓய்வூதியம் உண்டு. நோயுற்றாலோ, 1948 முதல் அந்நாட்டார் அனைவர்க்கும் அரசினரே மருத்துவ உதவி அளித்து வருகின்றனர். வேலை மனிதரை நோயாளியாக்குமா என்று ஆராயப் புகுவோர் இத்தகைய இடத்தை நாடுவானேன் என்று தோன்றும். ஆயினும் இத்துறையில் இன்று பெரிதும் பேசப்படும் உண்மைகள் சில அவ்வீதியிலிருந்தே கிடைத்தன.

1967ஆம் ஆண்டில் தொடங்கி, அங்குப் பணிபுரிந்த ஏறத்தாழ 18,000 ஆண்களை மருத்துவர்கள் சோதித்தனர். பின்னர் அவர்களுள் எவர் எந்நோயால் இறந்தனர் என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்து வந்தனர். பெரிய பதவியில் இருப்போரே கவலை மிகுந்து மாரடைப்புக்கு ஆளாவர் என்பதும், ஏவிய வேலையைச் செய்து வீடு திரும்பும் சிறிய ஊழியர் நிம்மதியாக உறங்குவர் என்பதும் அக்கால நம்பிக்கை. நம்மிடையேயும் இவ்வாறு சொல்வோர் உளர். ஆனால் கணக்கு வேறாக அமைந்தது. கதவு காப்போர், கடிதம் கொண்டு செல்வோர் முதலிய கடைநிலை ஊழியரிடையே மாரடைப்புச் சாவு உயர் அதிகாரிகளிடையே இருந்ததைப் போல மூன்று மடங்குக்கும் மேலாக இருந்தது. இடைப்பட்டோர் நிலையும் படிக்கட்டுப் போன்றதே. ஒவ்வொரு படி இறங்கவும் ஆபத்து ஏறியது. புகைப் பழக்கம், இரத்தக் கொதிப்பு, இரத்தத்திலுள்ள கொழுப்பு ஆகியவற்றைக் கழித்துப் பார்த்த பின்னும் அவ்வேறுபாட்டில் பெரும்பகுதி கரையாமல் நின்றது.

இதற்குக் காரணம் யாது? 1979ஆம் ஆண்டில் இராபர்ட் காரசெக் என்னும் அறிஞர், அமெரிக்க, சுவீடிஷ் தொழிலாளரைப் பற்றிய செய்திகளை ஆராய்ந்து ஒரு விளக்கம் தந்தார். ஒரு வேலையில் இரண்டைப் பார்க்கவேண்டும் என்றார் அவர். ஒன்று, அவ்வேலை சுமத்தும் பாரம். மற்றொன்று, அதைச் செய்யும் முறையை வகுத்துக்கொள்ளத் தொழிலாளிக்கு உள்ள உரிமை. அறுவை மருத்துவரின் பாரம் சிறிதன்று. ஆனால் அடுத்து எதைச் செய்வது என்று முடிவு செய்பவர் அவரே. தொழிற்சாலையில் நகரும் பட்டையின் முன் நிற்பவருக்கோ, பட்டை நகரும் வேகமே எசமானன். அவர் ஒரு நிமிடம் நின்று முதுகை நிமிர்த்தவும் இயலாது. பாரம் மிகுந்து உரிமை குறைந்த இத்தகைய வேலையே உடலை அரிப்பது.

அரிக்கும் விதமும் ஓரளவு தெரிந்ததே. நெருக்கடி வரும்போது அட்ரினலின், நாரட்ரினலின், கார்ட்டிசால் என்னும் சுரப்புகள் இரத்தத்தில் கலக்கின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கிறது; இரத்த அழுத்தம் ஏறுகிறது. புலியைக் கண்டு ஓடுபவனுக்கு இஃது உயிர் காக்கும் ஏற்பாடு. புலி போனதும் உடல் அடங்கிவிடும். ஆனால் நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் அடங்காமல் இருந்தால், இரத்தக் குழாய்களுக்கு அதுவே கேடாகிறது.

இதுவரை கூறியவற்றில் ஒரு குறை இருப்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். வைட்ஹாலின் முதல் ஆராய்ச்சியில் பெண் ஒருவரும் சேர்க்கப்படவில்லை. மாரடைப்பு ஆண்களின் நோய் என்று அன்று எண்ணினர். பெண்களைச் சேர்த்திருந்தால் கதையின் மறுபாதி அன்றே தெரிந்திருக்கும்.

அம்மறுபாதியின் ஒரு துண்டு அமெரிக்காவில் கிடைத்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிராமிங்காம் என்னும் ஊரில், 1948 முதல் ஆண் பெண் இருபாலாரின் இதய நலமும் ஆராயப்பட்டு வருகிறது. வேலைக்குச் சென்ற பெண்களைப் பற்றிய முடிவு ஒன்று 1980இல் வெளியாயிற்று. வேலைக்குச் செல்வதே பெண்ணின் உடலுக்கு ஆகாது என்று வாதிப்போர்க்கு அதில் ஆதரவு இல்லை. வேலை பார்த்த பெண்கள் அனைவரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, இல்லத்தரசியரைவிட அவர்களிடையே இதய நோய் குறிப்பிடத்தக்க அளவு மிகுந்திருக்கவில்லை. எழுத்தர், தட்டெழுத்தர் போன்ற பணிகளில் இருந்த பெண்களிடையே மட்டும் அது ஏறத்தாழ இரு மடங்காயிருந்தது. அவர்களுள்ளும், பரிவு காட்டாத மேலதிகாரியின் கீழ் இருந்தோரும், சினத்தை வாய்விட்டுச் சொல்லாமல் விழுங்கியோரும் மிகுதியாக வருந்தினர். தீங்கு செய்தது வேலையன்று, வேலையின் தரமே.

எனினும் அலுவலகத்தோடு ஆராய்ச்சியை நிறுத்தினால் பெண்ணின் நிலை விளங்காது. சுவீடன் நாட்டு உளவியல் பேராசிரியை மரியான் ஃபிராங்கன்ஹாய்சர் இதனை நன்கு உணர்ந்தார். வோல்வோ மோட்டார் நிறுவனத்தில் ஆண், பெண் அலுவலர்களைப் பகலிலும் மாலையிலும் அவர் சோதித்தார். 1989இல் வெளிவந்த முடிவு இது: மாலை ஐந்து மணிக்குப் பின் ஆண் மேலாளரின் உடல் விரைவில் அடங்கியது. அதே பதவியிலிருந்த பெண்ணின் உடலிலோ, நாரட்ரினலின் அளவு வீடு சேர்ந்த பின் ஏறியது. அடுப்பும் துணிகளும் குழந்தைகளின் பாடமும் அங்கே காத்திருந்தன. இருவரின் உடலும் ஒரே விதியின்படியே இயங்குகின்றன. ஆனால் ஒருவருக்கு நெருக்கடி நீங்கிவிடுகிறது, மற்றவருக்கு அது வாசலில் நின்று வரவேற்கிறது.

வைட்ஹாலில் 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆராய்ச்சியும் இதையே வேறு வழியில் உறுதிப்படுத்தியது. இம்முறை 10,308 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். அலுவலகத்தில் உரிமை குறைந்தவர்க்கு இதய நோய் மிகும் என்பது இருபாலார்க்கும் பொதுவாயிருந்தது. வீட்டில் தம் கையில் எதுவும் இல்லை என்று உணர்ந்தவர்களைப் பற்றிய முடிவு 2004இல் வெளிவந்தது. அவ்வுணர்வு பெண்களுக்கு இதய நோயை மிகுவித்தது. ஆண்களிடம் அத்தகைய விளைவு காணப்படவில்லை.

எல்லாச் சமுதாயங்களிலும் படிக்கட்டு ஒரே பக்கம் சாய்வதில்லை. ஜப்பானில் 1969ஆம் ஆண்டு, செய்தித்தாள் நிறுவனமொன்றின் அனுப்பீட்டுப் பிரிவில் பணிபுரிந்த 29 வயது இளைஞர் மூளை இரத்தக் குழாய் நோயால் இறந்தார். ‘கரோஷி’, அதாவது மிகை உழைப்பால் நேரும் சாவு என்று பின்னர் அந்நாட்டார் பெயரிட்ட கொடுமையின் முதல் நிகழ்ச்சியாக அதனைக் குறிப்பர். அங்கே 1990களின் பிற்பகுதியில், பொருளாதாரத் தேக்கத்தின்போது, மேலாளர், தொழில் வல்லுநர் ஆகிய ஆண்களின் இறப்பு விகிதம் உயர்ந்து, பிற ஊழியரின் விகிதத்தையும் விஞ்சியது. வைட்ஹாலில் காப்பாற்றிய உயர்பதவி இங்கே காப்பாற்றவில்லை. நள்ளிரவு வரை அலுவலகத்தில் இருக்கும் கணவனுக்கு வீட்டை நடத்தித் தர ஒருவர் வேண்டும். ஆதலால் ஜப்பானியப் பெண்கள் பலர் குழந்தை பிறந்ததும் வேலையை விட்டனர். பின்னர்த் திரும்பியபோது குறைந்த ஊதியமும் நிலையாமையும் உடைய பகுதி நேரப் பணிகளே அவர்களுக்குக் கிடைத்தன. கணவனின் நெடிய வேலை நேரமும் மனைவியின் தரங்குறைந்த வேலையும் ஒரே ஏற்பாட்டின் இரு முகங்கள்.

மிகை உழைப்புச் சாவைத் தடுக்க ஜப்பான் 2014இல் சட்டம் இயற்றியது. கூடுதல் வேலை நேரத்துக்கு 2018இல் உச்சவரம்பும் விதித்தது. வீட்டு வேலையின் கணக்கையும் அந்நாட்டு அரசினர் எடுக்கின்றனர். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தையுள்ள குடும்பங்களில், 2016இல் கணவன் நாளொன்றுக்கு 1 மணி 23 நிமிடமும், மனைவி 7 மணி 34 நிமிடமும் வீட்டு வேலைக்கும் குழந்தை வளர்ப்புக்கும் செலவிட்டனர். 2021இல் கணவனின் நேரம் 1 மணி 54 நிமிடமாக உயர்ந்தது. மனைவியின் நேரம் 6 நிமிடம் குறைந்தது.