விடுப்பின் விலையைக் கொடுத்தவர்கள்

கொங்கு மண்ணில் மிஷன்கள் – 12

லண்டன் மிஷன் சங்கம் 1830-இல் கோயமுத்தூரில் கால் ஊன்றியதையும், அதன் பிறகு இங்கே எழுந்த பள்ளிகளையும் இதுவரை பார்த்தோம். அந்தக் கட்டடங்களைப் பார்க்கிறவர் மனத்தில் இயல்பாக எழும் கேள்வி ஒன்று உண்டு: இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? சங்கத்தின் கஜானாவிலிருந்து வந்திருக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். பல மிஷன் கட்டடங்களுக்கான பணம், மிஷனெரிகள் ‘விடுப்பு’ என்ற பெயரில் தாய்நாடு போனபோது சபை சபையாக ஏறி இறங்கிக் கேட்டு வாங்கிய காணிக்கை. ஓய்வுக்கென்று கொடுத்த காலம் ஊழியத்தின் இன்னொரு பாதியாகவே கழிந்தது. அதற்கான விலையைப் பெருமளவு கொடுத்தவர்கள் அவர்களுடைய குழந்தைகள். இவை இரண்டையும் சேர்த்து எழுதாத மிஷன் வரலாறு முழுமையானதல்ல என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது.

முதலில் பணத்தின் பக்கம். 1869-இல் சூயஸ் கால்வாய் திறப்பதற்கு முன்பு இங்கிலாந்து போகும் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்; பயணத்துக்கே மாதக்கணக்கில் ஆகும். கால்வாய் வந்த பிறகு அது சில வாரங்களாகச் சுருங்கியது, விடுப்புப் பயணமும் எளிதாயிற்று. ஊர் போய்ச் சேர்ந்த குடும்பத்துக்காக ஓர் அட்டவணை காத்திருக்கும். ஞாயிறு ஒரு சபை, புதன் ஒரு பெண்கள் சங்கம், மறு ஞாயிறு ஒரு ஞாயிறுபள்ளி. விளக்குப் படங்களைத் திரையில் காட்டி, தங்கள் ஊரின் தேவையை எடுத்துச் சொல்ல வேண்டும். இப்படி நேரில் கேட்டு வாங்கிய பணத்துக்கு வேலூரின் கதை நல்ல சான்று. கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-இல் பட்டம் பெற்ற ஐடா ஸ்கடர் இந்தியா திரும்புவதற்கு முன், பெண்கள் மருத்துவமனைக்கு 8,000 டாலர் திரட்டும் பொறுப்பு அவரிடம் கொடுக்கப்பட்டது. ஷெல் என்ற வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் நினைவாக ஒரே தவணையில் 10,000 டாலர் கொடுத்தார். 1902-இல் திறந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனை அப்படி எழுந்தது. நாற்பது ஆண்டு கழித்து, வேலூரில் அவர் தொடங்கிய மருத்துவக் கல்லூரியை எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்தியாக வேண்டிய நெருக்கடி வந்தபோதும், எழுபது வயதில் அதே ஐடாதான் அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பேசினார். இன்று கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் நோயாளிகள் தேடிப் போகிற வேலூர் மருத்துவமனையின் பின்னால் இத்தகைய பயணங்கள் இருக்கின்றன.

இனி விலையின் பக்கம். அதற்கு வேலூர்வரை போக வேண்டியதில்லை, நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை போதும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இன்று பேருந்து ஏறுகிற அந்த மலைக்கு அப்போது சாலை கிடையாது; நடந்துதான் ஏற வேண்டும், முடியாதவர்களை டோலியில் தூக்கிப் போக வேண்டும். அங்கே குடியேறி மருந்தும் பள்ளியும் கொண்டுவந்தவர்கள் ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் தம்பதியர். அவர்களுடைய மகன் பால் 1914-இல் பிறந்தார். 1923-இல் குடும்பம் விடுப்பில் இங்கிலாந்து போனது. விடுப்பு முடிந்து பெற்றோர் மட்டும் மலைக்குத் திரும்பினார்கள். ஒன்பது வயதில் ஊர் போன பாலும் அவருடைய தங்கையும் படிப்புக்காக லண்டனில் தாயின் சகோதரிகள் வீட்டிலேயே நின்றுவிட்டார்கள். 1929-இல் மலேரியா முற்றி ஜெஸ்ஸி கொல்லிமலையில் இறந்தார். தந்தி சில நாளில் லண்டன் சேர்ந்துவிட்டது. அவர் உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதங்களோ கப்பல் தபாலில் வர வேண்டியவை. தந்தி வந்த பிறகும் அப்பாவின் கையெழுத்தில் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. விடுப்பின் முடிவில் விடைகொடுத்த அப்பாவை அந்தச் சிறுவன் மறுபடி பார்க்கவே இல்லை. பிறகு தாய் கப்பலில் வந்து இறங்கியபோது, தளர்ந்துபோயிருந்த அவரை அடையாளம் கண்டுகொள்ளவே மகனுக்குச் சிரமமாக இருந்தது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து கலெக்டரும் தேயிலைத் தோட்டத் துரையும்கூடப் பிள்ளைகளைச் சீமைக்குத்தான் அனுப்பினார்கள், மிஷனெரிகளுக்கு மட்டும் என்ன தனி வழக்கு என்று கேட்கலாம். மலேரியாவும் காலராவும் பள்ளியில்லாக் குறையும் எல்லோருக்கும் பொதுவானவை என்பது சரிதான். ஆனால் வேறு வழியே இல்லாமல் இருந்ததா? மிஷனெரிப் பிள்ளைகளுக்கென்றே 1901-இல் கொடைக்கானலில் பள்ளி தொடங்கியது. அங்கே படித்த பிள்ளைகளும் பெற்றோரைப் பிரிந்துதான் இருந்தார்கள், ஆனால் நடுவில் கடல் இல்லை. மனம் வைத்தால் பிரிவைக் குறைக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியா வந்து 1951-இல் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு போகவில்லையே, ஆக அந்தப் பயணங்களே தேவைதானா என்றும் கேட்கலாம். அவர் போகவில்லை, அவருடைய புத்தகங்கள் போயின. எழுத்தால் அத்தனை வாசகர்களைச் சேர்த்துக்கொள்ளும் திறமை எல்லா மிஷனெரிக்கும் வாய்க்காது. மற்றவர்கள் நேரில்தான் போக வேண்டியிருந்தது.

இவற்றைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பிரிவு இந்தப் பிள்ளைகளைக் கெடுத்துவிடவில்லையே! பால் பிராண்ட் மருத்துவம் படித்து 1946-இல் வேலூருக்கு வந்தார், தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றார். ஐடாவும் சிறு வயதில் அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விடப்பட்டவர்தான். இந்த உதாரணங்களை மேடைதோறும் கேட்கிறோம். ஆனால் நமக்குத் தெரிந்த பெயர்கள் திரும்பி வந்தவர்களின் பெயர்கள். திரும்பாதவர்கள், மனம் கசந்து விலகியவர்கள், யாரிடமும் சொல்லாமல் ஏக்கத்தைச் சுமந்தவர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஐடாவே, மிஷனெரி வாழ்க்கை எனக்கு வேண்டாம் என்ற பிடிவாதத்தோடுதான் 1890-இல் இந்தியா வந்தார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் பிரசவத்தில் செத்ததை அறிந்த பிறகே அவர் மனம் மாறியது. அவரைத் திருப்பியது அந்தச் சாவுகள்தான். அதற்கான பெருமையைப் பிரிவுக்குக் கொடுப்பது நியாயம் ஆகாது.

இதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. அனுப்புகிற சபைகள் இன்று நம்முடையவை. 1903-இல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கமும், பின்னர் எழுந்த நண்பர் சுவிசேஷ ஜெபக் குழுவும் தமிழ்க் குடும்பங்களை வடமாநிலங்களுக்கு அனுப்பி வருகின்றன. நண்பர் குழுவின் மிஷனெரிப் பிள்ளைகளுக்காக டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா நடக்கிறது. பெற்றோர் ஜார்கண்டிலோ குஜராத்திலோ, பிள்ளைகள் விடுதியில். ஆண்டில் சில வாரங்கள் விடுப்பில் வந்தால், அந்த நாட்களிலும் தாங்கும் சபைகள் ஒவ்வொன்றிலும் சாட்சி சொல்ல அழைப்பு வருகிறது. நேரில் கேட்டால்தான் காணிக்கை கொடுக்கிறவர் மனம் இளகும் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. இந்தக் கட்டுரையின் முதல் பாதியே அதற்குச் சான்று. ஆனால் சீமைச் சபைகளுக்கு இல்லாத வசதி நமக்கு உண்டு. தொலைபேசியும் காணொளியும் கையில் இருக்கும்போது, களத்தின் செய்தியைக் கேட்க ஒரு குடும்பத்தின் விடுப்பு முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆகவே கோவையிலோ ஈரோட்டிலோ திருப்பூரிலோ உங்கள் சபைக்கு அப்படியொரு குடும்பம் வந்தால், ஒரு கூட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காணிக்கையை அவர்கள் கேட்கும் முன்பே அனுப்பிவிடுங்கள். மிச்ச நாட்களை அவர்களுடைய பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள்.

(தொடரும்)