மண்ணை நகர்த்துவது யார்?

2005-இல் தொடங்கிய 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' கார்ட்டூன் தொடரில் மண்ணை ஆளும் சண்டைக் கலை ஒன்று வருகிறது. காலை ஓங்கி மிதித்தால் பாறை எழும்பும். கையை வீசினால் சுவர் முளைக்கும். தென்சீனத்தின் ஹங் கார் குங்ஃபூவைப் பார்த்து அமைத்த அசைவுகள் அவை. டாஃப் என்ற பார்வையற்ற சிறுமி, வெறுங்காலில் உணரும் அதிர்வை வைத்தே எதிரி நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுவாள்.

அந்தக் கதையில் மண்ணும் நீரும் தனித்தனிக் கலைகள். நீலகிரியில் மண்ணை நகர்த்துவதே நீர்தான்.

மலை ரயிலில் லவ்டேலுக்கு அடுத்த நிலையம் கேத்தி. 2009 நவம்பர் 10-ஆம் தேதி அங்கே பதிவான ஒருநாள் மழை 82 சென்டிமீட்டர். ஒரு சென்ட் நிலத்துக்குச் சுமார் 33,000 லிட்டர். அந்த மழைநாட்களில் மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நீலகிரியின் அடிப்பாறை பெரும்பாலும் சார்னோக்கைட். நெடுங்கால மழையிலும் வெயிலிலும் அது உளுத்து, பாறைமேல் பல மீட்டர் கனத்துக்கு மண்ணாகக் கிடக்கிறது. சரிவில் அதை நிறுத்தி வைப்பது துகள்களுக்கு இடையிலான உராய்வு. லேசான ஈரம் அதற்கு நல்லதுதான். மெல்லிய நீர்ப்படலம் துகள்களை இழுத்துப் பிடிக்கும். இடைவெளியெல்லாம் நீர் நிரம்பிவிட்டால், வெளியேற வழியில்லாத நீர் துகள்களை விலக்கித் தள்ளும். உராய்வு குறையும், எடை கூடும், மண் இறங்கிவிடும். சரிவின் அடிவாரத்தை ஜேசிபி முன்பே வெட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே மண்ணை அடக்கும் கலை, நீருக்கு வழிவிடும் கலைதான். மலைச்சாலையோரம் இப்போது 'சாயில் நெய்லிங்' செய்கிறார்கள்: சரிவில் துளையிட்டு, இரும்புக் கம்பி செருகி, சிமென்ட் குழம்பு செலுத்தி, மேலே வலை போர்த்திப் புல் வளர்க்கிறார்கள். அங்கும் வடிகால் இல்லையென்றால் பயனில்லை.

தடுப்புச் சுவரில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வெளியேறும் வழி அவை. வழக்கமாகச் சொட்டும் குழாய் அடைமழையில் சொட்டாமல் நின்றால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். தெளிவாக வந்த நீர் திடீரெனக் கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது. தரையில் புது விரிசல், சாய்ந்த மின்கம்பம், திடீரென இறுகிக்கொண்ட கதவு ஆகியவையும் அறிகுறிகளே. டாஃப்புக்குக் கால் சொன்னதை நமக்கு இவை சொல்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வு மையமும் 2024-இல் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்கணிப்பு மையத்தைத் தொடங்கியது. அதன் முன்னறிவிப்புகள் முதலில் கிடைத்த மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று.

ஐப்பசி மழைக்கு முன் உங்கள் வீட்டுத் தடுப்புச் சுவரின் குழாய்களில் ஒரு கம்பியை விட்டு அடைப்பை எடுத்துவிடுங்கள். அறிகுறி கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் வீட்டை விட்டு வெளியேறுங்கள்.